முந்தாநாள் என்ன செய்தாள் கோவிந்தம்மா

கோவிந்தம்மா நிதானமாக நடந்து போய் யாரும் பார்த்ததில்லை. எப்போதும் ஓட்டமும் நடையுமாகத்தான் போவாள். பட்டினப்பாக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் கரையேறும்போதே முழங்கால் தண்ணீரில் கூடையோடு நிற்பாள். மீனை வாரிப் போட்டுச் சும்மாட்டை இறுக்கிக் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டால் கச்சேரி ரோடு, மீர்சாகிப்பேட்டை, ராயப்பேட்டை என்று சுற்றிவிட்டு, வெயில் உச்சிக்கு வருமுன் வெறுங்கூடையோடு திரும்பிவிடுவாள். ஒரு தடவை அலையில் புரண்ட கட்டுமரத்தின் ஒரு முனையை மூன்று ஆண்கள் பிடிக்க, மறுமுனையை இவள் ஒருத்தியே தூக்கினாள் என்று குப்பத்தில் சொல்வார்கள். அவள் புருஷன் ரங்கன் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டான். மூன்று பேர் இல்லை, இரண்டு பேர்தான் என்பான்.

அவளுக்கு முப்பத்து நாலு வயது நடந்துகொண்டிருந்த 1931ஆம் வருஷம், கார்த்திகை மழையோடு குப்பத்துக்குள் ஒரு காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு இரண்டு மூன்று பேர் படுத்தார்கள். ரங்கனுக்கு நாலு நாளில் விட்டது. மகள் பச்சையம்மாவுக்கு ஒரு வாரம். கோவிந்தம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள், மிளகு ரசம் சாப்பிட்டாள், தை பிறந்ததும் பழையபடி கூடையை எடுத்தாள்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. ராயப்பேட்டை வரை போய் வந்தாள். வாடிக்கை வீடுகளில் எல்லாம் "இன்னா கோவிந்தம்மா, எளச்சிப் போய்ட்டியே" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொன்னாள். மாலையில் குழம்பு வைத்தாள். மறுநாள் காலில் கொஞ்சம் குடைச்சல் இருந்தது. இத்தனை நாள் படுத்துக் கிடந்தவள் நடந்தால் கால் வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் காலையில் கண் விழித்தவளுக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

உடம்பின் மேல் ஈர மணலை வாரிக் கொட்டிவிட்டது போலக் கனத்தது. எச்சில் விழுங்கினால் தொண்டை வலித்தது. கூரைப் பொத்தல் வழியாக விழுந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"இன்னாமே, இன்னும் படுத்துக்கினு கீறே? மரம் கரைக்கு வந்து எம்மா நேரம் ஆவுது!" என்றபடி ரங்கன் உள்ளே வந்தான்.

"எய்ந்துக்க முடியலய்யா."

அவன் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "சூடு இல்லியே. சில்லுனு கீது."

"எனுக்கு இன்னா தெரியும்? அடிச்சிப் போட்ட மாதிரி கீது."

ஆறு நாள் அப்படியே கிடந்தாள். ஏழாம் நாள் காலையில் யாரோ பாரத்தை இறக்கி வைத்தது போலிருந்தது. எழுந்து வாசலைப் பெருக்கினாள், கூடையை எடுத்தாள், போனாள். அதற்கு மூன்றாம் நாள் மறுபடியும் விழுந்தாள்.

படுப்பதற்கு முந்தின ராத்திரி நண்டு சாப்பிட்டது ஞாபகம் வந்தது. நண்டுதான் ஆகவில்லை என்று அதை நிறுத்தினாள். ஆனாலும் மாசியில் மறுபடி விழுந்தாள். அந்தத் தடவை அமாவாசைக்கு மறுநாள். சரி, அமாவாசைதான் என்று, அடுத்த அமாவாசைக்கு வாசலில் பூசணிக்காய் உடைத்து, வேப்பிலை அடித்து மந்திரித்துக்கொண்டாள். அந்த அமாவாசை சும்மா போனது. வளர்பிறையில், யாரும் எதிர்பாராத ஒரு புதன்கிழமை, அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். யார் என்று யோசித்தாள். ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, கடைசியில் யார் மீதும் சந்தேகம் நிற்காமல் விட்டுவிட்டாள்.

ரங்கனுக்கு முதலில் பயமாக இருந்தது. போகப் போக எரிச்சல் வந்தது. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்துக்குப் பச்சையம்மாவை அழைத்துக்கொண்டு போனவள், நெரிசலில் நாள் முழுக்க நின்று, நீர்மோர் குடித்து, வளையல் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு திரும்பினாள். அவளுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று அவன் நம்பினான். மூன்றாம் நாள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

"சாமி பாக்க மட்டும் காலு வரும், சோறாக்க வராதா?" என்று கேட்டுவிட்டான்.

அவளுக்கே அதே கேள்விதான் இருந்தது. திருவிழா அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தேன்? அப்படியென்றால் இப்போது நடிக்கிறேனா? என் உடம்பே என்னிடம் நடிக்கிறதா?

கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பின்னால் குடியிருந்த அஸ்மத்துன்னிசா, கோவிந்தம்மாவின் பத்து வருஷ வாடிக்கை. அவள் புருஷன் இனாயத் கோட்டைப் பக்கத்தில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. பிள்ளை குட்டி இல்லாத வீடு. கோவிந்தம்மா பின்கட்டு வழியாக வந்து கிணற்றடியில் கூடையை இறக்கினால், மீன் பார்க்க அரை நாழி, ஊர்க்கதை பேச அரை நாழி ஆகும். கோவிந்தம்மா வருவது விட்டு விட்டுப் போனதும், அஸ்மத்துன்னிசாதான் அவளை லஸ் பக்கத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் சுவாமிநாதனிடம் போகச் சொன்னாள்.

படுத்திருக்கும் நாளில் டிஸ்பென்சரி வரை போக முடியாது. எழுந்து நடமாடும் நாளில்தான் போனாள். டாக்டர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையேம்மா. நெஞ்சு நன்னா இருக்கு, ரத்தம் இருக்கு. உடம்புக்கு என்ன பண்றது?"

"படுத்தா எய்ந்துக்க முடியலங்க சாமி."

"இப்போ வந்திருக்கியே?"

"இன்னிக்கி முடியுது."

டாக்டர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, காய்ச்சலில் படுத்து உடம்பு சோம்பலுக்குப் பழகிவிட்டது, தினமும் காலாற நடந்தால் சரியாகிவிடும் என்றார். ஒரு பாட்டில் டானிக்கும் கொடுத்தார்.

நடப்பதா? கோவிந்தம்மாவுக்கு அதைவிடச் சுலபமான மருந்து கிடையாது. மறுநாள் விடியலில் கடற்கரையோடு வடக்கே நடந்தாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தூரம். காலில் ஈயம் கட்டியது போலிருந்தும் டாக்டர் சொல்லைத் தட்டாமல் ஐந்து நாள் நடந்தாள். ஆறாம் நாள் ஐஸ் ஹவுஸ் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மணலில் உட்கார்ந்தாள். கீரை விற்கப் போன ஒரு பெண்பிள்ளை பார்த்துக் குப்பத்துக்குச் சொல்லி அனுப்ப, ரங்கன் வந்து முதுகில் சுமந்துகொண்டு போனான்.

அந்தத் தடவை படுத்ததுதான் மோசம். வெளிச்சம் ஆகவில்லை. பேச்சு ஆகவில்லை. பச்சையம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தால் மண்டைக்குள் இடித்தது. பிறந்த நாள் முதல் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் கடல் இரைச்சல் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு அலையும் தனித்தனியாக வந்து தலையில் மோதியது. மூன்றாம் நாள் ரங்கனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், அத்த நிறுத்தச் சொல்லுய்யா."

"எத்தமே?"

"கடல."

நடிக்கிறாள் என்று ரங்கன் அதுவரை மனசில் ஒரு ஓரமாக வைத்திருந்த நினைப்பு அன்றைக்குப் போய்விட்டது. ஒரு மீனவன் பெண்டாட்டி, மீனவன் மகள், நடிப்பதென்றால் வேறு எதையாவது சொல்லியிருப்பாள்.

அவன் நேரே அஸ்மத்துன்னிசா வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் நின்றான். கிணற்றுக்குப் பக்கத்தில் விறகு போடும் ஒரு கொட்டகை இருந்தது. அங்கே கடல் இரைச்சல் கேட்காது. இனாயத் இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு விறகை ஒதுக்கச் சொன்னார். கோவிந்தம்மாவைத் துணியால் கண் கட்டி, கைவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, ரங்கனும் இன்னொருவனும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி ஒவ்வொரு கல்லிலும் குலுங்கியபோது அவள் வாயில் முந்தானையை அடக்கிக்கொண்டாள். நல்லதுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் குலுக்கலே மேலும் நாலு நாள் அவளைக் கிடத்தியது.

கொட்டகையில் பதினெட்டு நாள் இருந்தாள். பச்சையம்மா காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்து, பேசாமல் ஊட்டிவிட்டுப் போனாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் அஸ்மத்துன்னிசா கொட்டகை வாசலில் மணை போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினாள். அவளுக்கு வேறு ஒரு சந்தேகம். யாரோ கோவிந்தம்மாவுக்குச் சாப்பாட்டில் மருந்து வைத்திருக்கிறார்கள். வைத்த மருந்து ரத்தத்தில் ஏற இரண்டு நாள் ஆகும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"படுத்தியே, அதுக்கு முந்தாநாளு எங்க போனே, யாரு கையால சாப்ட்டே? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."

"நடந்தேன் பீபிம்மா. டாக்டரு சொன்னாருன்னு."

"அதுக்கு முன்ன படுத்தப்போ?"

"திர்நாளு. மயிலாப்பூர்ல நின்னுக்கினு இருந்தேன்."

"அதுக்கும் முன்ன?"

கோவிந்தம்மா கண்ணை மூடி யோசித்தாள். அடுப்படியில் விழுந்த அந்தப் புதன்கிழமை. திங்கட்கிழமை என்ன நடந்தது? அன்றைக்குக் கூடை எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தியோடு பெரிய சண்டை. குடத்தை யார் முதலில் வைத்தது என்பதற்காக ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினாள்.

"சண்ட போட்டேன்."

"சாப்பாடு?"

"எங்க வூட்ல தான்."

அஸ்மத்துன்னிசா குழம்பினாள். மருந்து வைத்த கை எதுவும் அகப்படவில்லை. ஆனால் எந்தத் தடவையை எடுத்தாலும் முந்தாநாள் காலியாக இல்லை. ஒரு தடவை கூடை. ஒரு தடவை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, உச்சி வெயிலில் நின்று முடி உலர்த்தியது. ஒரு தடவை செங்கல்பட்டிலிருந்து அண்ணி வந்திருந்தாள். நாள் முழுக்கப் பாயில் உட்கார்ந்து பழைய கதை பேசிச் சிரித்ததைத் தவிர அன்றைக்குக் கோவிந்தம்மா ஒரு வேலையும் செய்யவில்லை.

"சிரிச்சதுக்குமா படுத்தே?" என்றாள் அஸ்மத்துன்னிசா.

"அப்டித்தான் கீது பீபிம்மா."

"யா அல்லா! பாரம் தூக்கினா படுக்கறே, சரி. கத்தினா படுக்கறே, சரி. சிரிச்சா கூடவா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிபட்டால் அப்போதே வலிக்கும். இது என்ன, இன்றைக்கு அடித்தால் நாளை மறுநாள் வலிக்கும் உடம்பு? அப்படி ஒரு நோய்க்கு அவர்களுக்குத் தெரிந்த எந்தப் பாஷையிலும் பெயர் இல்லை. கோவிந்தம்மா போய்ச் சொன்னபோது டாக்டர் சுவாமிநாதனும், அப்படியெல்லாம் கணக்கு இருக்காதம்மா, மனசுக்குத் தோன்றுவது என்றார்.

இருந்தாலும் அதற்கப்புறம் கோவிந்தம்மா அந்தக் கணக்குப்படி நடக்கப் பார்த்தாள். ராயப்பேட்டையை விட்டாள், அப்புறம் மீர்சாகிப்பேட்டையையும் விட்டாள். ஒரு நாள் கச்சேரி ரோடு, இரண்டு நாள் வீடு. தலை முழுகினால் அன்றைக்குச் சமையல் இல்லை. குழாயடியில் யாராவது குடத்தைத் தள்ளி வைத்தால் பேசாமல் நகர்ந்துகொண்டாள். வாடிக்கைக்காரர்கள் நாலு வார்த்தை கேட்டால் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். கோவிந்தம்மாவுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. இப்படி இருந்ததில் விழுவது குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. சில சமயம் எவ்வளவு புரட்டிப் பார்த்தும் முந்தாநாளில் ஒன்றும் அகப்படாது. அப்போது கணக்கே தப்போ என்று அவளுக்குத் தோன்றும்.

1933ஆம் வருஷம் வைகாசியில் பச்சையம்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நொச்சிக்குப்பத்து மண்ணாங்கட்டி. முன்னே பிறந்த இரண்டும் தங்காததால், இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று வைத்த பெயர். ஆள் என்னவோ கறுத்துத் திரண்டு, பேரழகன். கல்யாணத்துக்கு முன் பத்து நாள் கோவிந்தம்மாவை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடவில்லை ரங்கன். ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். தாலி கட்டும் வரை அவளும் உட்கார்ந்துதான் இருந்தாள். அப்புறம் மேளம் மாறி அடித்தது. பெண்கள் கைகோத்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். அண்ணி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். தன் ஒரே மகளின் கல்யாணம். கோவிந்தம்மா எழுந்தாள். அவள் சுற்றிய வேகத்தில் மற்றவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் வாயில் வெற்றிலையோடு, "சம்பந்திக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே!" என்று வியந்தாள்.

மூன்றாம் நாள் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். விளக்கும் அரிசியும் எடுத்துக் கொடுத்துத் தாய் வழியனுப்ப வேண்டும். கோவிந்தம்மா பாயில் கிடந்தாள். பச்சையம்மா புதுப்புடவையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யம்மா, கொஞ்சம் எய்ந்து வாசல் வரிக்கும் வாயேன். அவங்க ஒரு மாதிரி பேசிக்கினு கீறாங்க."

கோவிந்தம்மாவுக்கு மகள் சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்ல வாய் திறந்தாள், வார்த்தை வரவில்லை. வெளியே மாப்பிள்ளையின் தாயார் சத்தமாகவே சொன்னாள்: "ஆடறதுக்கு முடிஞ்சிது. பொண்ண அனுப்ப முடியலயா? எங்க சம்பந்தம் புடிக்கலன்னா முன்னியே சொல்லியிருக்கலாமே."

ரங்கன் விளக்கை எடுத்துக் கொடுத்தான். பச்சையம்மா அழுதுகொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது நாள் கழித்து ஆடிக்கு அழைத்து வந்தபோதும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் நாள் மாலை, வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"நெஜமாவே முடியலயா யம்மா, இல்ல என்ன அனுப்ப மனசு வரலயா?"

"முடியலடி."

"அதுக்கு ரெண்டு நாளு முன்ன ஆடனியே. நான் கண்ணால பாத்தேனே."

"அதான்டி. அதனாலதான் முடியல. உன் கல்யாணத்துல நான் ரொம்ப சந்தோசமா இருந்துட்டேன்."

பச்சையம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "சந்தோசம் கூடவா ஒடம்புக்கு ஆவாது?"

"தெரியலியே கண்ணு. எனுக்கு ஒண்ணுமே தெரியல."

தாய் அவ்வளவு சின்னக் குரலில் பேசி மகள் கேட்டதில்லை. அந்த ஆடி மாதம் முழுவதும் அவள் தாயைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கோவிந்தம்மா கிழிந்த வலையைத் தைத்தாள், கூடவே வந்தவர்களோடு பேசினாள். மூன்றாம் நாள் காலை, கூப்பிடுமுன்பே பச்சையம்மா ஜன்னலில் சாக்கைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தாள். புகுந்த வீடு திரும்பியதும் மாமியாரிடம் என்ன சொன்னாளோ, அடுத்த மாதத்திலிருந்து கச்சேரி ரோட்டு வாடிக்கைக்கு அவளே கூடை எடுத்துக்கொண்டு வந்தாள். அஸ்மத்துன்னிசாவின் கிணற்றடியில் கூடையை இறக்கியதும் அவள் முதலில் கேட்கும் கேள்வி, "எங்கம்மா எப்டி கீறாங்கன்னு போயி பாத்தீங்களா பீபிம்மா?" என்பது.

அதன் பிறகு நாலு வருஷம் கோவிந்தம்மா வீட்டோடு இருந்தாள். கருவாடு உலர்த்தி வாசலில் வைத்து விற்றாள். நல்ல மாதங்கள் வந்தன. கெட்ட மாதங்களும் வந்தன.

1937ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு விடியலில் கரையருகே மண்ணாங்கட்டி வந்த கட்டுமரம் புரண்டது. மாமனார் வீட்டுக்கு வந்திருந்தவன், ரங்கனோடு கடலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். ரங்கன் நீந்திக் கரையேறிவிட்டான். மருமகன் கால் வலையில் சிக்கி அலைக்குள் உருண்டுகொண்டிருந்தான். கூச்சல் கேட்டு வெளியே வந்த கோவிந்தம்மா எதையும் யோசிக்கவில்லை. ஓடினாள். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, வலையைப் பல்லால் கடித்து அறுத்து, அந்தத் திரண்ட ஆளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கரைக்கு இழுத்து வந்தாள். மணலில் கவிழ்த்துப் போட்டு முதுகை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றினாள். அவன் இருமிக்கொண்டு கண் திறந்ததும்தான் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை பிழைத்தான் என்ற சந்தோஷத்தை யாராலும் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. எல்லாரும் மூன்றாம் நாளுக்குத் தயாரானார்கள். ரங்கன் கடலுக்குப் போகவில்லை. பச்சையம்மா மூன்று வயது மகளோடு வந்து, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினாள். அஸ்மத்துன்னிசா கொட்டகையைப் பெருக்கி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். சம்பந்தியம்மாள் தன் கையால் கஞ்சி காய்ச்சினாள்.

மூன்றாம் நாள் விடிந்தது. கோவிந்தம்மா கண் விழித்தாள். கையைத் தூக்கினாள். தூக்க முடிந்தது. எழுந்து உட்கார்ந்தாள், நின்றாள். இருட்டடித்த குடிசைக்குள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமே?" என்றான் ரங்கன், மெதுவாக.

"ஒண்ணும் இல்லய்யா."

"வலி?"

"இல்ல."

"நாளிக்கி வருமோ?"

நாலாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. ஆறாம் நாள் சாக்கை அவிழ்த்தார்கள். அவளுக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. ஆறு வருஷமாகப் பாடுபட்டுத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு விஷயமும் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று இருந்தது. ஒருவேளை நோயே விட்டுவிட்டதோ? இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்தாள். மீர்சாகிப்பேட்டை வரை ஒரு நடை போய் வரலாமா என்றுகூட ரங்கனிடம் கேட்டாள். அதற்குள், பேத்தியை மடியில் வைத்துத் தலை வாரிப் பேன் பார்த்த ஒரு சாதாரண மத்தியானத்துக்கு மூன்றாம் நாள், படுத்துவிட்டாள்.

அந்தத் தடவை பதினொரு நாள். எழுந்ததும் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். மண்ணாங்கட்டி கரையிலிருந்து ஒரு கூடை காரப்பொடி மீன் கொண்டுவந்து அவள் எதிரில் வைத்தான். வெயில் ஏறுமுன் உலர்த்த வேண்டும். அவள் பாதியை எடுத்துப் பாயில் பரப்பினாள். இன்னும் முடியும் போலத்தான் இருந்தது. இருந்தாலும் மீதிப் பாதியைப் பக்கத்திலிருந்த பச்சையம்மாவிடம் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.